பவர்பொயின்ட் பழகுபவருக்கு: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசிக்கு விடுவது

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு மாலை வகுப்பில் பவர்பொயின்ட் சொல்லிக்கொடுக்கிறேன். ஏ.எல். எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் வருவார்கள், புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியர்கள் வருவார்கள், வாகரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் களவேலை செய்துவிட்டு மாத அறிக்கையைத் திரையில் காட்ட வேண்டியவர்களும் வருவார்கள். எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பது இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதது, ஒன்றைப்போலவே இருக்கும் இரட்டைச் சொற்கள். பிளேஸ்ஹோல்டரும் டெக்ஸ்ட் பொக்ஸும், தீமும் மாஸ்டரும், டிரான்சிஷனும் அனிமேஷனும். இவற்றைப் பிரித்தறியாமல் கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டு, கடைசி இரவில் இருபத்தைந்து ஸ்லைடையும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு இருப்பார்கள்.

ஆகவே சொற்களை அகராதிபோல அடுக்கப்போவதில்லை. வேலை நடக்கும் வரிசையிலேயே போவோம், கை அந்த இடத்துக்கு வரும்போது அந்தச் சொல்லைப் பார்ப்போம். உதாரணத்துக்கு 'மட்டக்களப்பு வாவி' என்று பத்து ஸ்லைட் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதெல்லாம் விண்டோஸ் கணினியில் பவர்பொயின்ட் 2016 அல்லது அதற்குப் பிந்திய பதிப்புக்கு.

1. கணினியைத் திறக்க முன்

ஒரு தாளை எடுங்கள். ஸ்லைட் ஒன்றுக்கு ஒரு வசனம் எழுதுங்கள். தலைப்பு எழுத வேண்டாம், முழு வசனம். 'வாவியும் மீன்பிடியும்' என்று எழுதினால் அதில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. 'வாவியில் வலை வீசித்தான் கரையோரத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது' என்று எழுதினால் என்ன படம் வேண்டும், எத்தனை வரி வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். இந்தத் தாள் இல்லாமல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளை முதல் முக்கால் மணித்தியாலத்தை நிறம் தெரிவு செய்வதிலேயே கழிப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

அடுத்தது ஒரு போல்டர். படம், வீடியோ, எக்செல் கணக்கு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். ஸ்லைடில் வேறொரு பைலுக்கு லிங்க் கொடுத்தால் பவர்பொயின்ட் அந்தப் பைல் இருக்கும் இடத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கும், பைலையே உள்ளே எடுத்துக்கொள்ளாது. ஒன்று டெஸ்க்டொப்பிலும் மற்றது டவுன்லோட்ஸிலும் கிடந்தால், பென்ட்ரைவில் ஏற்றிக்கொண்டு போன இடத்தில் லிங்க் திறக்காது.

படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி எடுத்தால் அவை சுருங்கித்தான் வரும். 'டொகியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது கெமராவில் எடுத்த அளவிலேயே வரும்.

கடைசியாக, காட்டப்போகும் இடத்துக்கு ஒரு கோல் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் லப்டொப்பா அவர்களுடையதா, திரை அகலமானதா பழைய சதுரப் பாங்கானதா, வயர் எச்டிஎம்ஐயா விஜிஏயா. இதை இப்போதே கேட்கச் சொல்வதன் காரணம் அடுத்த படியிலேயே வருகிறது.

2. முதல் ஐந்து நிமிடம்: பெயரும் அளவும்

பவர்பொயின்ட்டைத் திறந்ததும் அழகழகாக டெம்ப்ளேட்டுகள் வரிசையாக நிற்கும். அவற்றைப் பார்க்காமல் 'பிளாங்க் பிரசன்டேஷன்' எடுங்கள். பழகும்போது வெற்றுத்தாள்தான் நல்லது. டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே யாரோ போட்ட பெட்டிகளும் அலங்காரமும் இருக்கும், எது உங்களுடையது எது அதனுடையது என்று பிரிக்கத் தெரியாது.

ஓரெழுத்தும் அடிக்க முன் கொன்ட்ரோல் எஸ். பெயர் கொடுத்து அந்தப் போல்டருக்குள் சேமியுங்கள். தானாகவே சேமிக்கும்தானே என்று கேட்பார்கள். சில பதிப்புகளில் மேலே இருக்கும் ஓட்டோசேவ், பைல் வன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் இருந்தால்தான் வேலை செய்யும். உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பைலுக்கு இருப்பது ஓட்டோரிகவர், அது வழமையாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான். ஒன்பதாவது நிமிடத்தில் கரண்ட் போனால் ஒன்பது நிமிட வேலையும் போனதுதான்.

பெயர் கொடுத்ததும் டிசைன் பகுதிக்குப் போய், வலது ஓரத்தில் 'ஸ்லைட் சைஸ்' பாருங்கள். புதிய பைல் எப்போதும் 16:9 அகலத்தில் வரும், அதாவது 13.33 அங்குலம் அகலம், 7.5 அங்குலம் உயரம். பழைய புரொஜெக்டர்கள் பல 4:3, அதற்கு ஸ்லைட் 10 அங்குலம் அகலம். அகல ஸ்லைடைப் பழைய புரொஜெக்டரில் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், அவ்வளவுதான், உலகம் முடிந்துவிடாது. ஆனால் பத்து ஸ்லைடையும் முடித்த பிறகு அளவை மாற்றினால் பவர்பொயின்ட் பெரிதாக வைத்திருக்கட்டுமா, சுருக்கி அடக்கட்டுமா என்று கேட்கும். முதலாவதைச் சொன்னால் ஓரங்கள் ஸ்லைடுக்கு வெளியே போகும், இரண்டாவதைச் சொன்னால் எழுத்தெல்லாம் சிறுத்துவிடும். எதைச் சொன்னாலும் ஒவ்வொரு ஸ்லைடாகத் திருத்த வேண்டும். அதனால்தான் கோல் எடுக்கச் சொன்னேன்.

3. திரையில் எது எது

இடப்பக்கம் சிறு சிறு படங்களாக நிற்பவை உங்கள் ஸ்லைடுகள். ஸ்லைட் என்பதைப் படவில்லை என்றும் எழுதுவார்கள். வகுப்பில் நாங்கள் ஸ்லைட் என்றே சொல்கிறோம். நடுவில் பெரிதாக இருப்பது இப்போது வேலை செய்யும் ஸ்லைட். அதன் கீழே நோட்ஸ் எழுதும் ஒடுங்கிய பகுதி, தெரியாவிட்டால் அடிவரிசையில் 'நோட்ஸ்' என்பதை அழுத்துங்கள்.

புதிய ஸ்லைடுக்கு கொன்ட்ரோல் எம். இருப்பதைப் போலவே இன்னொன்று வேண்டுமானால் கொன்ட்ரோல் டி (D).

இங்கே ஒரு விபத்து அடிக்கடி நடக்கும். இடப்பக்கச் சிறுபடத்தில் கிளிக் பண்ணிவிட்டு, எழுத்தை அழிப்பதாக நினைத்து டிலீட் அழுத்துவார்கள், முழு ஸ்லைடும் போய்விடும். கொன்ட்ரோல் இசட் அடித்தால் திரும்பி வரும். ஆனால் அது வழமையாகக் கடைசி 20 செயல்களுக்குத்தான், அதனால் கண்டவுடனேயே அடியுங்கள்.

4. லேஅவுட், பிளேஸ்ஹோல்டர்: இங்கே அவசரப்பட வேண்டாம்

புதிய ஸ்லைட் ஒன்றில் புள்ளிக்கோட்டுப் பெட்டிகள் தெரியும், உள்ளே 'கிளிக் டு அட் டைட்டில்' என்ற மாதிரி எழுதியிருக்கும். அந்தப் பெட்டிதான் பிளேஸ்ஹோல்டர். பந்தியில் வாழையிலை போட்டு இடம் பிடித்து வைப்பதுபோல, இங்கே தலைப்பு, இங்கே விபரம் என்று இடம் பிடித்து வைத்திருக்கிறது. இந்தப் பெட்டிகள் எத்தனை, எங்கெங்கே என்ற ஏற்பாட்டுக்குப் பெயர் லேஅவுட். ஹோம் பகுதியில் 'லேஅவுட்' அழுத்தினால் எல்லா ஏற்பாடும் தெரியும்.

நம்முடைய வாவிக்கு முதல் ஸ்லைட் 'டைட்டில் ஸ்லைட்'. வாவி கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளம், எங்கே கடலோடு சேர்கிறது என்று சொல்லும் ஸ்லைடுக்கு 'டைட்டில் அன்ட் கொன்டென்ட்'. வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையையும் மேற்குப் பக்கமான படுவான்கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட 'கம்பரிசன்'. அதில் இரண்டு பத்திக்கும் மேலே தனித்தனிச் சிறுதலைப்பு இருக்கும். வரைபடம் மட்டும் பெரிதாக வேண்டுமானால் 'டைட்டில் ஒன்லி'. தாளில் எழுதிய பத்து வசனத்தையும் பார்த்து, எழுத்து அடிக்காமலே பத்து ஸ்லைடுக்கும் லேஅவுட்டை மட்டும் முதலில் தெரிந்தெடுத்து விடுங்கள். பத்து நிமிட வேலை.

இனி டெக்ஸ்ட் பொக்ஸ். இன்சர்ட்டில் போய் நீங்களாக வரையும் பெட்டி அது. பார்வைக்கு பிளேஸ்ஹோல்டரும் இதுவும் ஒன்றுதான், அடித்த எழுத்தும் ஒரே மாதிரித்தான் தெரியும், புதியவர் ஏமாறுவதும் அதனால்தான். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. பிளேஸ்ஹோல்டர் மாஸ்டர் சொல்வதைக் கேட்கும் (அது யார் என்பது ஆறாவது படியில்), டெக்ஸ்ட் பொக்ஸ் கேட்காது. தலைப்பின் எழுத்தளவை ஓரிடத்தில் மாற்றினால் பிளேஸ்ஹோல்டரில் இருக்கும் எல்லாத் தலைப்பும் மாறும், டெக்ஸ்ட் பொக்ஸில் அடித்தவை அப்படியே பழைய கோலத்தில் நிற்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: 'வியூ' போய் 'அவுட்லைன் வியூ' அழுத்துங்கள். இடப்பக்கம் எழுத்துகள் மட்டும் வரும். அங்கே வராத எழுத்து எதுவும் டெக்ஸ்ட் பொக்ஸில் இருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை ஓர் ஆசிரியை நாற்பது ஸ்லைட் செய்து கொண்டுவந்தார், அவுட்லைனைத் திறந்தால் வெள்ளையாக இருந்தது, ஒரு சொல் இல்லை. எல்லா ஸ்லைடும் 'பிளாங்க்' லேஅவுட், எல்லா எழுத்தும் டெக்ஸ்ட் பொக்ஸ். மறுகா என்ன, இருந்து இருவருமாக வெட்டி ஒட்டினோம்.

டெக்ஸ்ட் பொக்ஸ் கூடாத சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். படத்தின் மேல் சிறுபெயர் போட, அம்புக்குறிக்குப் பக்கத்தில் இரண்டு சொல் எழுத அதுதான் சரி. தலைப்பையும் முக்கிய விபரத்தையும் மட்டும் அதில் போட வேண்டாம்.

இன்னும் இரண்டு சின்ன விடயம். வெறுமையாக விட்ட பிளேஸ்ஹோல்டர் காட்டும்போது திரையில் வராது, அதை மறைக்க மேலே வெள்ளைப் பெட்டி வரைந்து மூட வேண்டிய தேவை இல்லை (ஆம், மூடியிருக்கிறார்கள்). பெட்டியை இழுத்து இடம் குழம்பிப் போனால் ஹோம் பகுதியில் 'ரீசெட்', எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும்.

5. தமிழ் எழுத்து: அடிக்கத் தொடங்க முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

"மிஸ், வீட்டுக் கம்பியூட்டர்ல நல்லாத்தான் இருந்திச்சு, இங்க எல்லாம் இங்கிலீசு எழுத்தா வருது." வருடத்துக்குப் பத்துத் தடவையாவது இதைக் கேட்கிறேன். காரணம் பாமினி. நம் பக்கம் அச்சகத்திலும் அலுவலகத்திலும் கை பழகிய எழுத்து அது, கோபிக்க வேண்டாம், நானும் அதில்தான் பழகினேன். ஆனால் பாமினி யூனிகோட் இல்லை, அதாவது எந்தக் கணினியும் தமிழாகவே அறிந்துகொள்ளும் பொது முறை இல்லை. கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பாமினி அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்று ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கலாகத் தெரியும்.

ஆகவே யூனிகோடில் அடியுங்கள். விண்டோஸ் அமைப்பில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகை கிடைக்கும், விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். ஏற்கெனவே பாமினியில் அடித்த பழைய பைல் இருந்தால், யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், எங்காவது ஓரெழுத்து பிசகி இருக்கும்.

யூனிகோடில் எந்த எழுத்துரு? நிர்மலா யுஐ. அழகில் முதலிடம் என்று சொல்லமாட்டேன், ஆனால் விண்டோஸ் 8 தொடக்கம் எல்லாக் கணினியிலும் கூடவே வருகிறது. லதா முன்பு எங்கும் இருந்தது, விண்டோஸ் 10 இல் அது தனியாகச் சேர்க்க வேண்டிய பொதியாகிவிட்டது. இணையத்தில் இறக்கிய அழகான எழுத்துருதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், 'பைல்', 'ஒப்ஷன்ஸ்', 'சேவ்' என்று போய் எழுத்துருவைப் பைலுக்குள் பதிக்கும் 'எம்பெட் ஃபொன்ட்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். பைல் கொஞ்சம் பெருக்கும். சில எழுத்துருக்கள் பதிக்க அனுமதி தராது, அதையும் நினைவில் வைத்திருங்கள்.

6. தீமும் மாஸ்டரும்

தீம் என்பது நிறம், எழுத்துரு, பின்னணி மூன்றும் சேர்ந்த ஒரு தொகுதி. டிசைன் பகுதியில் வரிசையாக நிற்பவை அவைதான். மாஸ்டர் என்பது எல்லா ஸ்லைடுக்கும் பின்னால் நிற்கும் தாய் ஸ்லைட். தீமைக் கடையில் வாங்கிய துணி என்று வைத்தால், மாஸ்டர் தையற்காரர் வெட்டி வைத்திருக்கும் அளவுத்தாள்.

எழுத்து அடிக்க முன் இங்கே வரச் சொல்வதற்குக் காரணம், இப்போது பத்து நிமிடம் கொடுத்தால் பிறகு ஒரு ஸ்லைடிலும் எழுத்தளவைத் தொட வேண்டி வராது.

'வியூ', 'ஸ்லைட் மாஸ்டர்'. இடப்பக்கம் பாருங்கள். உச்சியில் ஒன்று பெரிதாக இருக்கும், அதன் கீழே சிறிதாகப் பல. பெரியதுதான் மாஸ்டர், கீழே இருப்பவை லேஅவுட்டுகள். பெரும்பாலானோர் விடும் பிழை இங்கே நடக்கிறது. உள்ளே நுழைந்ததும் பவர்பொயின்ட் உங்களை ஏதோ ஒரு லேஅவுட்டில்தான் நிறுத்தும், மாஸ்டரில் நிறுத்தாது. அதைக் கவனிக்காமல் நிறத்தையும் எழுத்தையும் மாற்றிவிட்டு வெளியே வந்து, "ஒரு ஸ்லைட்தான் மிஸ் மாறியிருக்கு" என்பார்கள். மேலே உருட்டிப் போய் பெரியதைக் கிளிக் பண்ணிவிட்டுத் தொடங்குங்கள்.

தலைப்புப் பெட்டியின் ஓரக்கோட்டைக் கிளிக் செய்து, ஹோம் பகுதியில் நிர்மலா யுஐ கொடுங்கள். தலைப்பு வழமையாக 44 அளவில் இருக்கும். தமிழ்ச் சொல் நீளம் என்றபடியால் அந்த அளவில் தலைப்புகள் இரண்டு வரிக்கு மடிந்துவிடும், நான் 36 வைப்பேன். விபரப் பெட்டியில் முதல் மட்டம் 28, அதை அப்படியே விடலாம். வரிகளுக்கு இடையிலான இடைவெளி 0.9 என்று இருக்கும். அது ஆங்கிலத்துக்குப் போதும், நம் எழுத்தில் மேலே விசிறியும் கீழே சுழியும் இருக்கிறபடியால் வரிகள் ஒன்றோடொன்று முட்டுவதுபோல் தெரியும். 1.1 ஆக்குங்கள். ஒரு தம்பி இதை மட்டும் மாற்றிவிட்டு, "என்ன மிஸ், ஒள்ளுப்பம் மாத்தினதுக்கே வாசிக்க லேசா இருக்கு" என்றான்.

சின்னமோ அமைப்பின் பெயரோ எல்லா ஸ்லைடிலும் வர வேண்டுமானால் மாஸ்டரில் ஒருதடவை ஒட்டினால் போதும். ஆனால் ஒரு ஸ்லைடுக்கு மட்டும் உரிய விபரத்தை மாஸ்டரில் எழுதிவிடாதீர்கள். வெளியே வந்தால் அது எல்லா ஸ்லைடிலும் தெரியும், கிளிக் பண்ணினால் பிடிபடாது, அழிக்கவும் முடியாது, பேய் பிடித்த மாதிரி இருக்கும். பிடிபடாத எழுத்தோ படமோ கண்டால் அது மாஸ்டரிலோ லேஅவுட்டிலோ இருக்கிறது.

முடிந்ததும் 'குளோஸ் மாஸ்டர் வியூ'. மறந்து உள்ளேயே இருந்து ஸ்லைட் எழுதத் தொடங்கியவர்களும் உண்டு. ஸ்லைட் இலக்கத்துக்கு 'இன்சர்ட்', 'ஸ்லைட் நம்பர்', அதில் சரி அடையாளம் போட்டு 'அப்ளை டு ஓல்'. இலக்கத்தைக் கையால் அடித்தால் வரிசை மாற்றும்போது ஏழுக்குப் பிறகு நான்கு வரும்.

7. இப்போது எழுத்து

தாளில் இருந்த வசனத்தைத் தலைப்பாகச் சுருக்கி அடியுங்கள், கீழே மூன்று நான்கு வரி. புள்ளி வரியின் தொடக்கத்தில் நின்று டேப் கீ அழுத்தினால் உட்பிரிவு ஆகும், ஷிஃப்ட்டோடு டேப் அழுத்தினால் வெளியே வரும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி உள்ளே தள்ளாதீர்கள், எழுத்துரு மாறினால் எல்லாம் கோணும். புள்ளி இல்லாமல் அடுத்த வரிக்குப் போக ஷிஃப்ட் என்டர்.

வேர்டில் இருந்து வெட்டி ஒட்டினால் அதன் எழுத்தளவும் நிறமும் கூடவே வந்து மாஸ்டரைக் குழப்பும். ஒட்டும்போது வலது கிளிக் பண்ணி 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்பதை எடுங்கள்.

எழுத்து கூடக்கூடப் பெட்டிக்குள் அது தானாகச் சிறுத்துக்கொண்டே போகும். ஓட்டோஃபிட் என்பது அதுதான். புதியவர்கள் இதை உதவி என்று நினைப்பார்கள். எனக்கு அது எச்சரிக்கை மணி: 24 க்குக் கீழே போய்விட்டால் பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது, ஸ்லைடை இரண்டாக உடையுங்கள். ஸ்லைடுக்குக் காசா, இரண்டானால் என்ன.

8. படம்

'கம்பரிசன்' ஸ்லைடில் பெட்டிக்கு நடுவே சிறு படக்குறி இருக்கும், அதை அழுத்திப் படத்தை எடுத்தால் பெட்டிக்குள் அளவாக உட்காரும். பெரிதாக்கும்போது மூலையைப் பிடித்து இழுங்கள். பக்கத்தைப் பிடித்து இழுத்தால் 1924 இல் கட்டிய கல்லடிப் பழைய பாலம் இரப்பர் பாலம் மாதிரி நீளும்.

வேண்டாத பகுதியை வெட்ட 'குரொப்'. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: குரொப் செய்த பகுதி அழிவதில்லை, மறைகிறது மட்டும்தான். பைலைப் பெறுபவர் மறுபடி இழுத்து விரித்துப் பார்க்கலாம். படத்தின் ஓரத்தில் யாரோ ஒருவரின் பிள்ளை நிற்கிறது என்று வெட்டியிருந்தால் அது இன்னும் உள்ளேதான் நிற்கிறது. படத்தைத் தெரிந்தெடுத்து, பிக்சர் பகுதியில் 'கம்பிரஸ் பிக்சர்ஸ்' அழுத்தி, வெட்டிய பகுதிகளை அழிக்கும் தெரிவு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இந்தப் படத்துக்கு மட்டும் என்ற தெரிவை எடுத்துவிடுங்கள், தரத்துக்கு 150 பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) போதும். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி வரும், இருபது படம் போட்டால் மின்னஞ்சலில் போகாத பைல் ஆகிவிடும், அந்தத் தொல்லையும் இதோடு தீரும். இதை எல்லாப் படமும் போட்ட பிறகு ஒரே தடவையில் செய்யுங்கள். குறைத்த தரத்தைத் திரும்பக் கூட்ட முடியாது.

9. டிரான்சிஷன், அனிமேஷன்: கடைசிக்கு விட்டது இதைத்தான்

டிரான்சிஷன் ஒரு ஸ்லைடில் இருந்து அடுத்த ஸ்லைடுக்குப் போகும் விதம். அனிமேஷன் ஒரு ஸ்லைடுக்குள் இருக்கும் பொருள் வருவதும் போவதும். வீடு மாறுவது ஒன்று, வீட்டுக்குள் கதிரையை நகர்த்துவது இன்னொன்று.

ஏன் கடைசி? அனிமேஷன் ஒவ்வொரு பொருளோடும் ஒட்டியிருக்கும். எழுத்தை வெட்டி மாற்றினால், பெட்டியை அழித்து மறுபடி போட்டால், அனிமேஷனும் அதோடு போய்விடும். முதலே செய்தால் இரண்டு தடவை செய்ய வேண்டும்.

செய்ய முன் அடிவரிசையில் 'ஸ்லைட் சோட்டர்' போய், எல்லா ஸ்லைடையும் ஒன்றாகப் பார்த்து வரிசையை இழுத்து மாற்றி முடித்துவிடுங்கள். வேண்டுமோ வேண்டாமோ என்று சந்தேகமான ஸ்லைடை அழிக்காமல் வலது கிளிக் செய்து 'ஹைட் ஸ்லைட்', காட்டும்போது வராது.

டிரான்சிஷனுக்கு 'ஃபேட்' ஒன்று போதும், 'அப்ளை டு ஓல்' கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். அனிமேஷனில் பச்சை நட்சத்திரம் உள்ளே வருவதற்கு, மஞ்சள் இருந்த இடத்திலேயே கவனத்தை இழுப்பதற்கு, சிவப்பு வெளியே போவதற்கு. பச்சையில் 'அப்பியர்' மட்டும் பழகுங்கள். எப்போது தொடங்க வேண்டும் என்பதற்கு மூன்று தெரிவு இருக்கிறது: கிளிக் பண்ணும்போது, முந்தையதோடு சேர்ந்து, முந்தையது முடிந்தபின். எல்லாவற்றையும் முதல் தெரிவிலேயே விட்டுவிட்டு ஒரு ஸ்லைடுக்குப் பதினைந்து கிளிக் அடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 'அனிமேஷன் பேன்' திறந்து வைத்தால் எது எதற்குப் பிறகு என்று வரிசையாகத் தெரியும்.

10. ஒத்திகை, நோட்ஸ், தாள்

கதைக்க வேண்டியதை ஸ்லைடில் எழுதாமல் கீழே நோட்ஸில் எழுதுங்கள், அது சபைக்குத் தெரியாது. ஆல்ட்டையும் எஃப்5 ஐயும் அழுத்தினால் பிரசென்டர் வியூ வரும்: உங்கள் நோட்ஸ், அடுத்த ஸ்லைட், எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதெல்லாம் ஒரே திரையில். புரொஜெக்டர் இல்லாமலே வீட்டில் பழகலாம்.

'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. நேரம் பார்க்க நல்லது, ஆனால் முடிவில் நேரங்களைச் சேமிக்கவா என்று கேட்கும்போது 'நோ' அழுத்துங்கள். நான் ஒருமுறை யோசிக்காமல் 'யெஸ்' அழுத்திவிட்டேன். அடுத்த நாள் கூட்டத்தில் நான் இரண்டாவது ஸ்லைடைச் சொல்லிக்கொண்டிருக்க, திரை தன்பாட்டில் ஐந்தாவதுக்குப் போய்விட்டது. முந்திய இரவு அவசரமாகத் தட்டிய அதே வேகத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்கு அப்படி நடந்தால் 'ஸ்லைட் ஷோ' பகுதியில் 'யூஸ் டைமிங்ஸ்' என்ற சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள், நின்றுவிடும்.

தாளில் கொடுக்க வேண்டுமானால் அச்சிடும் இடத்தில் 'ஹேன்ட்அவுட்ஸ்', அதில் பக்கத்துக்கு மூன்று ஸ்லைட் என்பதை எடுத்தால் பக்கத்தில் குறிப்பெழுதக் கோடுகளும் வரும்.

பைலை இரண்டு வடிவத்தில் வையுங்கள்: பவர்பொயின்ட்டின் வழமையான வடிவமான பிபிடிஎக்ஸ், கூடவே பிடிஎஃப். பிடிஎஃப்பில் அனிமேஷன் வராது, ஆனால் எழுத்து குழம்பாது, எந்தப் போனிலும் திறக்கும். அந்த இடத்தில் லிப்ரே ஒஃபிஸ் இம்ப்ரெஸோ கூகுள் ஸ்லைட்ஸோதான் இருக்கிறது என்றால் அவையும் பிபிடிஎக்ஸைத் திறக்கும். வரி மடிவதும் பெட்டி நகர்வதும் நடக்கும் என்பதால் முதல் நாளே அதில் திறந்து பாருங்கள்.

11. காட்டும் இடத்தில்

அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். பென்ட்ரைவில் இருந்து நேரடியாகத் திறக்காமல் கணினிக்குக் கொப்பி பண்ணிவிட்டுத் திறங்கள், நடுவில் யாராவது பென்ட்ரைவைக் கழற்றினால் தப்பலாம்.

வயரைக் கொழுவியும் புரொஜெக்டரில் ஒன்றும் வரவில்லையா, விண்டோஸ் கீயையும் பி (P) யையும் அழுத்துங்கள். 'டுப்ளிகேட்' என்றால் இரண்டிலும் ஒன்றே தெரியும், முதல் தடவை காட்டுபவருக்கு அதுதான் பயமில்லாதது. 'எக்ஸ்டென்ட்' என்றால் சபைக்கு ஸ்லைட், உங்களுக்குப் பிரசென்டர் வியூ. உங்கள் நோட்ஸ் பெரிய திரையிலும் ஸ்லைட் லப்டொப்பிலும் தெரிந்தால் பதற வேண்டாம், பிரசென்டர் வியூவின் மேலே 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' என்பதில் மாற்றிக்கொள்ள ஒரு தெரிவு இருக்கிறது.

எஃப்5 முதலில் இருந்து தொடங்கும், ஷிஃப்ட்டோடு எஃப்5 நிற்கும் ஸ்லைடில் இருந்து. சபையில் ஒருவர் எழுந்து அந்த ஆறாவது ஸ்லைடைக் காட்டுங்கள் என்றால் பின்னால் பின்னால் தட்டிப் போக வேண்டாம், 6 ஐ அழுத்தி என்டர். கேள்வி நீண்டு, எல்லாரும் கேட்டவரைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் பி (B) என்ற எழுத்தை ஒருமுறை தட்டுங்கள், திரை கறுப்பாகும். பேசி முடிந்ததும் மறுபடி பி, விட்ட ஸ்லைட் வந்து நிற்கும்.